இரும்பை இரும்பால் தட்டாத வீடு

போன மாதம் என் பைக்கை விருதுநகரில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தேன். முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதிலிருந்து லேசாக ஆடுவதுபோல ஒரு சந்தேகம். உண்மையிலேயே ஆடுகிறதா, ஆடும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டுவதால் ஆடுகிறதா என்று எனக்கே நிச்சயமில்லை. நான் அப்படிப்பட்ட ஆள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவன்.

குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது. புது டயர் வாசனை மட்டும் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் வந்து, வீலை மாற்றிவிடலாம் என்றார். விரிசல் விட்டிருக்கிறதா என்று கேட்டேன். அதையெல்லாம் பார்ப்பதில்லை, அடிபட்ட வீல் என்றால் மாற்றிவிடுவதுதான் வழக்கம் என்று மரியாதையாகச் சொன்னார். தப்பில்லை, நல்ல வழக்கம்தான். ஆனாலும் கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்காராமலே தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு திரும்பிய மாதிரி எனக்கு ஒரு குறை.

அந்த நேரம் பார்த்து உள்ளே யாரோ ஒரு ஸ்பேனரைக் கை தவறவிட்டார்கள். அது கழற்றிப் போட்டிருந்த ஒரு சக்கரத்தின் மேல் விழுந்து கணீர் என்றது. என் காபி பாதி சட்டையில். அறையில் இருந்த மற்றவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. எல்லோரும் செல்போனில் இருந்தார்கள். நான் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். இரும்பின் மேல் இரும்பு விழுந்தால் சத்தம் வராமல் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். அலாய் வீல் இரும்பே இல்லை என்பதும் வேதியியல் படித்த எனக்குத் தெரியும். காதுக்குத் தெரியவில்லை. அது எங்கள் வீட்டில் வளர்ந்த காது.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டி. அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அப்பா மருந்து கலக்கும் அறையில். அம்மா தரைச்சக்கரம் சுற்றுகிற அறையில். அந்த அறைகளுக்குள் இரும்புக்கு இடமில்லை. மரத்தட்டு, பித்தளைச் சல்லடை, மரச்சுத்தியல் என்றுதான் எல்லாம். செருப்பை வெளியே விட்டு, வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கையை வைத்து, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். ஒரு பொறி போதும். அதற்குமேல் இதைப்பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டிலும் யாரும் பேசியதில்லை. ஆனால் அந்தப் பழக்கம் அவர்கள் கையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டமாட்டாள், உதறுவாள். அப்பாவிடம் சுத்தியல் கிடையாது. வேப்பங்கட்டையில் செதுக்கிய ஒரு கொட்டாப்புளிதான் உண்டு. கட்டில் கால் ஆடினாலும், கதவுத் தாழ் இறுகினாலும் அதுதான். தெருவில் யாராவது கடப்பாரையைக் கீழே போட்டால் அம்மாவின் தோள் ஒரு முறை மேலே ஏறி இறங்கும். எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான் தோள் ஏறி இறங்கும் என்று கல்லூரிக்குப் போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை காலண்டர். சிவகாசிப் பக்கத்தில் எந்த வீட்டிலும் காலண்டருக்குப் பஞ்சம் கிடையாது. அச்சகத்தில் வேலை பார்க்கிற சொந்தக்காரர்கள் தை பிறப்பதற்கு முன்பே கொண்டுவந்து குவித்துவிடுவார்கள். முருகன், மகாலட்சுமி, ரோஜாப்பூவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஏதோ ஒரு குழந்தை. எங்கள் வீட்டில் பஞ்சம் ஆணிக்குத்தான். ஜன்னல் கம்பிக்கும் எதிர்ச்சுவர் மாடத்துக்கும் சணல் கட்டி, எல்லாரையும் வரிசையாகத் தொங்கவிட்டிருப்போம். மின்விசிறி போட்டால் சாமிகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். கூடப் படித்த ஒருவன் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நின்று கேட்டான்: "என்னலே, சாமியத் தொவச்சுக் காயப் போட்ருக்கீக?"

அந்தச் சணலில் தொங்கிய முருகன் காலண்டரில்தான் அப்பா ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வட்டம் போடத் தெரியும். அது என் சான்றிதழ் சரிபார்ப்பு நாள். அரசு வேலைக்கான தேர்வில் தேறியிருந்தேன். காலை பத்து மணிக்கு விருதுநகரில் அசல் சான்றிதழ்களோடு இருக்க வேண்டும். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்த பெயர். அவ்வளவுதான் விஷயம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், அந்த வட்டத்துக்குள் வீட்டில் இருந்த எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் ஊருக்கு விடிகாலையில் ஒரு பஸ். அதை விட்டால் அடுத்தது வரும், எப்போது வரும் என்பதுதான் கேள்வி. பஸ்ஸை நம்பி இருக்க வேண்டாம் என்று முடிவு செய்தது கணேசன் மாமா. அம்மாவின் தம்பி. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் வேலை. எங்கள் சொந்தத்தில் முதல் அலாய் வீல் பைக் அவருடையதுதான். அந்தப் பைக்கை அவர் துடைப்பதைப் பார்த்தால் யாரோ அதைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நினைப்பீர்கள். "என் மருமகன் ஆபீஸருக போற எடத்துக்குப் படியில தொங்கிக்கிட்டா போவான்?" என்று சொல்லி, முந்தின நாள் சாயங்காலமே பைக்கை எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினார். வந்தவர் முழங்கையில் தோல் வழன்றிருந்தது. கேட்டதற்குக் கருவேலமுள் என்றார்.

காலையில் வெளிச்சம் வந்ததும் அப்பா வழக்கம்போலப் பைக்கைச் சுற்றி வந்தார். முன்சக்கரத்தின் விளிம்பில் ஓர் இடம் உள்ளே நசுங்கியிருந்தது. அதை ஒட்டிப் பெயின்ட் போயிருந்தது. மாமா மெல்ல ஒத்துக்கொண்டார். எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியபோது சின்னப் பாலத்தின் ஓரத்தில் சக்கரம் இறங்கி, கல்லில் மோதி ஏறியிருக்கிறது. "ஒன்னுமில்ல மச்சான், சும்மா சிராய்ப்பு. அங்கன இருந்து நாந்தான ஓட்டிட்டு வந்தேன்?" என்றார்.

அப்பா உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தார். "ஏய், இங்கன வா. சக்கரத்தப் பத்தி ஒனக்குத்தான் தெரியும், வருசம் பூரா சக்கரந்தான சுத்துற? ஒன் தம்பி குடுத்த சீதனத்தப் பாரு."

அம்மா கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் தூக்குவாளியோடு வந்து பார்த்தாள். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், சான்றிதழ் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒன்றுக்கும் உதவாமல் நின்றேன்.

பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோலத் தட்டினால் தெரிந்துவிடும் என்றார் அப்பா. சரியான யோசனைதான். விரிசல் இல்லாத உலோகம் கணீர் என்று பேசும், விரிந்தது மழுங்கும். அப்பா உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தது கொட்டாப்புளி. சக்கரத்தின் ஒவ்வொரு கையாகத் தட்டினார். டொப். அடுத்ததும் டொப். சுற்றிச் சுற்றி வந்தார், எல்லாம் டொப். அவர் முகம் இறுகியது. "ஊமையால்ல இருக்கு" என்றார்.

எங்கள் பக்கத்தில் அது சாதாரண வார்த்தை இல்லை. பற்றவைத்தும் வெடிக்காமல் கிடக்கிற வெடிக்குத்தான் ஊமை என்று பெயர். ஊமையின் பக்கத்தில் போகக்கூடாது, குனிந்து பார்க்கக்கூடாது. அது எப்போது வாய் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்பா அந்த வார்த்தையைச் சொன்னதும் நாங்கள் நாலு பேரும், மாமா உட்பட, ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தோம். பைக்கைப் பார்த்து.

சிரிப்புச் சத்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. குருசாமி அண்ணன். எங்கள் வீட்டுக்கு எதிரே தகரக் கொட்டகையில் சைக்கிள், பைக் பட்டறை வைத்திருந்தார். வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். "அண்ணே, கட்டைய வச்சுத் தட்டுனா கோயில் மணியும் ஊமதான்" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாலு பேரில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை, பாருங்கள். மரத்தால் தட்டினால் சத்தம் எப்படி வரும்? தட்டுவது என்றாலே மரத்தால் தட்டுவது என்று நினைக்கும் வீடு எங்கள் வீடு. நான் மூன்று வருடம் ஆய்வகத்தில் நின்று படித்தவன், நானும்தான் ஓர் எட்டு நகர்ந்தேன்.

குருசாமி அண்ணன் ஸ்பேனரை எடுத்தார். முதல் தட்டுக்கே அம்மாவின் தோள் ஏறி இறங்கியது. அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், ஊசி போடும்போது திரும்பிக்கொள்வது மாதிரி. டயரோடு தட்டுவதால் முழுசாகப் பேசாது என்று சொல்லிவிட்டுத்தான் தட்டினார். ஆனாலும் கொஞ்சம் பேசியது. நசுங்கலுக்குப் பக்கத்தில் வந்தபோது மட்டும் குரல் கம்மியது. எனக்கு அப்படிக் கேட்டது. மாமாவுக்கு எல்லாம் ஒன்றுபோலக் கேட்டது. அப்பா கேட்கவே இல்லை.

"கம்பி வீல்னா கோட்டம் எடுத்துக் குடுத்துருவேன்" என்றார் குருசாமி அண்ணன். "இது அலாய். இருக்குற வரைக்கும் இருக்கும். போகும்போது சொல்லிட்டுப் போகாது."

கோட்டம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் எனக்குத் தெரிந்த கோட்டம், சைக்கிள் சக்கரம் வளைந்து ஆடுகிற கோட்டம்தான். அரசு பஸ்ஸின் பக்கவாட்டில் ஏதோ ஊர்ப் பெயரோடு 'கோட்டம்' என்று எழுதியிருப்பதைப் பள்ளிக்கூடம் போன புதிதில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பரவாயில்லை, அரசாங்கம் தன் பஸ் வளைந்திருப்பதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறதே என்று நினைத்தேன். எங்கள் ஊருக்கு வந்த பஸ்ஸும் ஒரு பக்கம் சாய்ந்துதான் வரும். அது போக்குவரத்துக் கழகப் பிரிவின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. ஆக, நான் முதன்முதலாகச் சொந்தமாகப் படித்த வார்த்தையையே தப்பாகத்தான் படித்தேன்.

இருக்கட்டும். அன்று காலையில் என் படிப்பும் கொஞ்சம் உதவியது, அதையும் சொல்லிக்கொள்கிறேன். விடுதியில் இயந்திரவியல் படித்த நண்பன் ஒருவன் சொன்னது: மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தூவினால், விரிசலுக்குள் போன எண்ணெய் மறுபடி மேலே வந்து பொடியில் கோடு போடும். சொன்னேன். குருசாமி அண்ணன், எஞ்சினுக்கு நாங்களும் சாக்பீஸ் பொடி போட்டுப் பார்ப்போம், நல்ல யோசனை என்றார். சாக்பீஸ் இல்லை. அம்மா முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தாள். கல்யாணம், காதுகுத்துக்கு மட்டும் திறக்கிற டப்பா. மண்ணெண்ணெய் இரண்டு கரண்டிதான். அதற்கு அப்பா ஒரு வாளி தண்ணீரும் ஒரு சட்டி மணலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, தெருவில் போன ஒருவர் காதில் செருகியிருந்த பீடியைக்கூட எடுத்துச் சட்டைப்பைக்குள் போடச் சொன்ன பிறகுதான் தடவவிட்டார்.

பவுடர் மணத்தோடு சக்கரம் வெளுத்து நின்றது. காத்திருந்தோம். தெருவில் இன்னும் ரெண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் இது ஒன்று, என்ன என்று கேட்காமலே குனிந்து பார்ப்பார்கள்.

கோடு வந்தது. தலைமுடி அளவு. நசுங்கிய விளிம்பிலிருந்து உள்பக்கமாக ஒரு விரல் நீளத்துக்கு.

பெயின்ட் கீறல் என்றார் மாமா. கீறலுக்குள்ளும் எண்ணெய் நிற்கும்தானே என்றார். அதுவும் நியாயம்தான். எல்லாரும் குருசாமி அண்ணனைப் பார்த்தார்கள். அவர் பவுடரை விரலால் தொட்டுப் பார்த்தார். மறுபடி குனிந்தார். நிமிர்ந்து, "டயரக் கழட்டி உள்ளயும் கோடு இருக்கான்னு பாத்தாத்தான் தெரியும். இப்பக் கேட்டா, எனக்குத் தெரியாது" என்றார்.

இன்றைக்கும் அந்தத் 'தெரியாது'வை நினைத்தால் அவருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும். பட்டறைக்காரர், சுற்றி ஆள் நிற்கிறது, எல்லாரும் வாயையே பார்க்கிறார்கள். போகலாம் என்று சொல்லியிருக்கலாம், போகாதே என்று மிரட்டியிருக்கலாம். இரண்டுக்கும் மரியாதை கிடைத்திருக்கும். அவர் தெரியாது என்றார்.

டயரைக் கழற்றி மாட்ட நேரமாகும். விடிகாலை பஸ்ஸும் எப்போதோ போய்விட்டது. அதற்குள், தெற்கே பனங்காட்டுத் திருப்பத்தில் கம்பெனி வேன் ஹாரன் கேட்டது. அம்மா போகிற வேன். அந்த வேன் எங்கள் முக்குக்கு வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, சிவகாசி மெயின் ரோட்டைத் தொட்டுவிட்டுத்தான் கம்பெனிக்குத் திரும்பும். அதை விட்டால் எனக்கு இந்தப் பைக்தான். பைக்கும் இல்லை என்றால் பெயர் கூப்பிடும்போது நான் இல்லை.

மாமா சாவியை என் கையில் வைத்தார். மெதுவாகப் போ, பள்ளம் பார்த்துப் போ, ஒன்றும் ஆகாது என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். நம்பாமல் இருந்தால், எனக்கு உதவி செய்ய வந்த அவரே என் காரியத்தைக் கெடுத்தவராகிவிடுவார். அதை அவரால் தாங்க முடியாது. அப்பாவோ மாமாவின் முகத்தைப் பார்க்கிறார், சக்கரத்தைப் பார்க்கிறார். நானும், இப்போது யோசித்தால், சாவியை வாங்கிக்கொண்டேன். பயம்தான். ஆனால் பெயர் கூப்பிடும்போது இல்லாமல் போகிற பயம் அதைவிடப் பெரிது.

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். சக்கரத்தைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தாள்.

"ஏலே தம்பி. இதுல நம்ம சுமதியப் பின்னாடி உக்கார வச்சு ஓட்டுவியா?"

சுமதி மாமாவின் மகள். அப்போது மூன்றாம் வகுப்பு.

மாமா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பைக்கைப் பார்த்தார். அந்தப் பவுடர் கோட்டைப் பார்த்தார். தெருவே அவர் பதிலுக்காக நின்றது. கொட்டாப்புளிக்கும் ஸ்பேனருக்கும் மண்ணெண்ணெய்க்கும் பவுடருக்கும் பிடிபடாத ஒன்று அந்த மௌனத்தில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அவர் என் கையிலிருந்த சாவியைத் தானே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஓடு மருமகனே, வேனப் புடி" என்றார்.

வேன் ஓட்டுகிற செல்வம் அண்ணன் முதலில் மறுத்தார். கம்பெனி வேனில் வெளியாளை ஏற்றக்கூடாது, சூப்பர்வைசர் பார்த்தால் என்னைத்தான் கேட்பார் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அன்று காலையில் யார் சொன்னதும் அநியாயமில்லை, அதுதான் கஷ்டம். உள்ளேயிருந்து மாரியம்மா சித்தி, அம்மாவோடு சக்கரம் சுற்றுகிறவள், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "வெளியாளா? நாளைக்கு இவன் ஆபீஸரானா மனுவத் தூக்கிட்டு இவங்கிட்டத்தான் போய் நிப்பீரு. இப்பமே ஏத்திக்கிடும்." வேன் முழுக்கச் சிரித்தது. செல்வம் அண்ணனும்.

உள்ளே உட்கார இடமில்லை, உட்கார்ந்தேன். அதெப்படி என்று அந்த வேன்களில் போனவர்களுக்குத்தான் தெரியும். பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேல் போடும் வேலைச் சட்டையை மடியில் வைத்திருந்தார்கள். பட்டாசு மருந்தில் சேர்க்கும் வெள்ளிப்பவுடர் ஏறி ஏறிச் சாம்பல் நிறமாகிவிட்ட ஆண்கள் சட்டை. துவைத்தாலும் கந்தக வாசனை போகாது. மாரியம்மா சித்தி தன் சட்டையை என் வெள்ளைச் சட்டைக்கு மேல் போடச் சொன்னாள். அழுக்குப் படாமல் இருக்க ஒன்று, தூரத்திலிருந்து பார்த்தால் வேலையாள் மாதிரி தெரிய ஒன்று. போட்டுக்கொண்டேன். கைக்குழந்தையை வாங்குவதுபோல என் பைலை ஒருத்தி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் எனக்கு அறிவுரை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தலையச் சொறியாத. சாப்பிட்டியா, இல்லையா, இந்தா. யாரோ இட்லி ஒன்றை வாயில் திணித்தார்கள். அம்மா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெயின் ரோட்டில் இறங்கி, சித்தியின் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சிவகாசி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து விருதுநகர். நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன். என் பெயரைக் கூப்பிட்டபோது நான் இருந்தேன். சான்றிதழ்களைப் புரட்டிய அம்மையார் நடுவில் நிறுத்தித் தன் விரல் நுனியைப் பார்த்தார். மினுமினுவென்றிருந்தது. பைல் அட்டையில் ஒரு கட்டைவிரல் அளவுக்கு வெள்ளிப்பவுடர். "சிவகாசியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரித்துக்கொண்டே கைக்குட்டையில் துடைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது டயர் கழன்று கிடந்தது. உள்பக்கமும் கோடு இருந்தது. குருசாமி அண்ணன் நகத்தை வைத்துக் காட்டினார், நகம் மாட்டியது. மாமா அன்று வேலைக்குப் போகவில்லை. எப்போதும் அவரைக் கிண்டல் செய்யும் அப்பா அன்று சாப்பிடும்போது அவருக்கு ரசத்தை மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினார். கை கழுவும்போது மாமா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சுமதிய நெதம் பள்ளிக்கூடத்துல விடுறது இந்த வண்டியிலதான் மருமகனே. நாளைக்கும் விட்ருப்பேன்."

சுமதி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மாமாவைவிட வேகமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். அது வேறு கதை.

எனக்கு வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனி பிறகு பூட்டப்பட்டது. அந்த வேனும் வருவதில்லை. எங்கள் முக்கில் தூக்குவாளிகளோடு நிற்கும் கூட்டமும் இல்லை. பாதிப்பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், மீதிப்பேர் அவரவர் வண்டியில் அவரவர் நேரத்துக்குப் போகிறார்கள். குருசாமி அண்ணன் பட்டறையை எடுத்துவிட்டுத் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு சக்கரத்தைச் சுற்றி இத்தனை பேர் குனிந்து நின்று, தட்டி, தடவி, சண்டைபோட்டு முடிவெடுத்த காலை இனி வராது. இப்போது மாற்றிவிடுகிறோம். அதனால் எத்தனையோ பேர் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்று என்னைச் சுற்றிக் குனிந்து நின்றவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முகத்துக்கு நேரே சொன்னால், "இவன் என்னலே மேடையில பேசுற மாதிரி பேசுறான்" என்பார்கள்.

அப்பாவும் அம்மாவும் இப்போது என்னோடு விருதுநகரில் இருக்கிறார்கள். போன மாதம் புது வீல் மாட்டிய பைக்கை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரிலிருந்து வீடு திரும்பினேன். படியேறும்போதே உள்ளே சத்தம் கேட்டது. கணீர், கணீர்.

கீழ்வீட்டில் சுத்தியல் கடன் வாங்கியிருந்தாள் அம்மா. இரும்புச் சுத்தியல். முக்காலியின் மேல் நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு கையால் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் முருகன் காலண்டரோடு நின்றார். ஆணி கோணுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்னலே, சட்டையெல்லாம் காப்பி?" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

ஸ்பேனர் விழுந்த கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சுத்தியலை ஓங்கி, ஆணியின் தலையில் இன்னும் ஒன்று போட்டாள். அவள் தோள் ஏறி இறங்கவில்லை. அப்பாவும் வேறு பக்கம் திரும்பவில்லை.

திடுக்கிட்டது நான் மட்டும்தான்.